சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில்: ரெக்கார்டு நோட்டில் வரும் தவறுகள்

சேலத்தில் எங்கள் கல்லூரி நடைபாதை ஓரம் ரியோ செடி வளர்ப்பது அழகுக்காக இல்லை. பிளாஸ்மா சிதைவு, அதாவது உப்புக் கரைசலில் செல்லின் உட்பகுதி நீரிழந்து சுவரைவிட்டுச் சுருங்குவதைக் காட்டும் செய்முறைக்கு இலையின் அடிப்புற ஊதாத் தோலை உரிக்கத்தான். பருவம் முடிவதற்குள் பாதிச் செடி மொட்டையாகிவிடும்.

உரித்த தோலில் உப்புக் கரைசலைச் சொட்டுவிட்டால் ஊதா நிறம் மெல்லச் சுருங்கி நடுவே ஒதுங்கும். ஓரத்தில் ஓர் இடைவெளி தெரியும். ரெக்கார்டு நோட்டில் மாணவர்கள் அதற்கு அம்புக்குறி போட்டு 'காற்று' என்றோ 'வெற்றிடம்' என்றோ எழுதிவிடுகிறார்கள். செல் சுவர் உப்பைத் தடுக்காது, தாராளமாக உள்ளே விடும். தடுப்பது அதற்கு உட்புறம் இருக்கும் பிளாஸ்மா சவ்வு. ஆகவே அந்த இடைவெளியில் நிற்பது நாம் விட்ட உப்புக் கரைசலேதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது.

ஊதாவின் விளிம்பையே பிளாஸ்மா சவ்வு என்று குறிப்பது அடுத்த தவறு. ஊதா தரும் ஆந்தோசயனின் நிறமி இருப்பது செல்லின் சாற்றுப் பையான வாக்குவோலுக்குள். நிறம் முடிகிற ஓரம் டோனோபிளாஸ்ட், அந்தப் பையின் சவ்வு. பிளாஸ்மா சவ்வு அதற்கும் வெளியே, மெல்லிய சைட்டோபிளாசத்தைத் தாண்டி இருக்கிறது. பிளாஸ்மா சவ்வின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். நம் மேசை நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. "சவ்வைப் பார்த்துட்டேன் சார்" என்பவர் பார்த்தது அது இருக்கும் இடத்தை.

சுருங்கிய பகுதியைக் கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக வரைவதும் சரியில்லை. பல இடங்களில் சவ்வு சுவரை முழுசாக விட்டுவிடாமல் மெல்லிய இழைகளாக இழுபட்டு நிற்கும். 1912-இல் வெங்காயச் செல்லில் இதை விவரித்த ஹெக்ட் பெயராலேயே ஹெக்ட் இழைகள் என்கிறோம். தோலைச் சாஃப்ரனின் சாயத்தில் ஊறவைத்த பிறகு உப்பு விடுகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது. படம் பளிச்சென்று இருக்கும், செல் செத்திருக்கும்.

பாசி என்று வந்துவிட்டால் குழப்பம் கூடும். ஏற்காடு ஏரியில் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி வந்த பாட்டில் தண்ணீரில் ஒருமுறை யூக்ளினா என்ற ஒருசெல் பாசி நெளிந்துகொண்டிருந்தது. வரைந்த பிள்ளை வெளிக்கோட்டுக்குச் 'செல் சுவர்' என்று பெயர் போட்டிருந்தாள். சுவர் இருந்தால் இப்படி நெளியுமா அம்மா என்று கேட்டேன். யூக்ளினாவுக்குச் சுவர் கிடையாது. வரிவரியாகத் தெரியும் அதன் மேலுறையான பெல்லிக்கிள், பிளாஸ்மா சவ்வுக்கு அடியில் கிடக்கும் புரதப் பட்டைகளால் ஆனது. இன்னொரு ஒருசெல் பாசியான கிளாமிடோமோனாஸுக்குச் சுவர் உண்டு, ஆனால் அதில் செல்லுலோஸ் இல்லை, கிளைக்கோபுரதம்தான்.

முதுகலை மாணவர்கள் தடுக்கி விழுவது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில். சுவருக்கும் சவ்வுக்கும் இடையே குமிழ் குமிழாக ஏதாவது தெரிந்தால் உடனே 'லோமசோம்' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரைப் பூஞ்சைகளில் பார்த்து 1961-இல் வைத்தவர்கள் மூரும் மெக்அலியரும். 1968-இல் மார்ச்சன்ட்டும் ரோபார்ட்ஸும் இந்த வகை அமைப்புகளை இரண்டாகப் பிரித்தார்கள்: பிளாஸ்மா சவ்வே மடிந்து உண்டானால் பிளாஸ்மலெம்மாசோம், சைட்டோபிளாசத்துச் சவ்வுகளிலிருந்து வந்தால் லோமசோம். அசையாத ஒற்றைப் படத்தை வைத்து எது எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, வேதிப்பொருளில் பதப்படுத்தும்போதே சவ்வு மடிந்து கொப்பளிக்கக்கூடும். பாக்டீரியாவில் சவ்வு மடிந்த உறுப்பு என்று நம்பப்பட்ட மீசோசோம், பதப்படுத்தலில் வந்த போலி என்று தெரிந்து அப்படித்தான் மதிப்பிழந்தது. அதனால் படத்துக்குக் கீழே உள்ள வரியை முதலில் படியுங்கள். வேதிமுறைப் பதப்படுத்தலா, விரைவாக உறையவைத்ததா என்று தெரியாமல் பெயர் போடாதீர்கள்.

அதற்காக எல்லா மடிப்பும் பொய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். காரா பாசியில் இரு கணுக்களுக்கு இடையே உள்ள நீண்ட கணுவிடைச் செல்களில் பிளாஸ்மா சவ்வு உள்வாங்கிச் சிக்கலான முடிச்சுகளாகிறது. அவை காராசோம்கள். வெளிச்சத்தில் உருவாகும், நாள்கணக்கில் இருட்டில் வைத்தால் கலையும். உயிருள்ள செல்லிலேயே ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.