மழைக்காலத்தில் கேமரன் மலைச் சாலைகள்: ரிங்லெட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பகாங் மாநிலத்தின் ரிங்லெட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தேயிலை, காய்கறித் தோட்டங்களுக்கும் வேலைக்காகவோ திருமணமாகியோ வந்து சேரும் நம்மவர்கள், குடியேறிய சில வாரங்களிலேயே மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கும். பெரிய மருத்துவமனை, குடிநுழைவுத் துறை அலுவலகம், உறவினர் வீட்டு விசேஷம் என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், நுவரெலியாவுக்கும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதுவும் அப்படித்தான் என்று எண்ணிப் புறப்படுகிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் குறையில்லை. ஆனால், மழைக்காலத்தில் இந்த மலையில் எந்த நேரத்தில் புறப்படுகிறோம், எந்த வழியாகப் போகிறோம் என்ற இரண்டும் கைத்திறனைவிடப் பெரியவை.

குளிர்நாடுகளின் மலைச் சாலைகளைப் போல இங்கே சாலையில் பனிக்கட்டி உறைவதில்லை. இங்குள்ள ஆபத்து முழுவதும் மழையால் வருவது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரையொட்டியும் பருவக்காற்று மாறும் காலத்தில், காலையில் வானம் தெளிவாக இருக்கும். நண்பகலுக்குப் பிறகு மேகம் கூடி, பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் மார்கழியோடு ஓய்ந்துவிடும் அந்த மழை இங்கே அதற்குப் பிறகும் நீடிக்கும். சில வேளை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். ஆகவே வெளியூர் வேலையிருந்தால் விடிந்ததும் புறப்பட்டு, பிற்பகல் மழை தொடங்குமுன் வீடு திரும்பப் பாருங்கள். நேரமாகிவிட்டால் தாப்பாவிலோ ஈப்போவிலோ தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் காலையில் ஏறுவதே நல்லது. அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

ரிங்லெட்டிலிருந்து வெளியே செல்ல முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது தாப்பா சாலை, அதாவது 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. ஆங்கிலேயர் காலத்தில், 1930ஆம் ஆண்டையொட்டி மலையின் மடிப்புகளைத் தொடர்ந்தே வெட்டிய பாதை என்பதால், தாப்பா வரையிலான ஏறத்தாழ 45 கிலோமீட்டரும் வளைவுக்குமேல் வளைவாக இருக்கும். நம் ஊர் மலைப்பாதைகளைப் போலக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. இருபுறமும் வண்டிகள் நிற்காமல் வரும். நடுவில் இரட்டை வெள்ளைக்கோடு போட்டிருக்கும் இடத்தில் முந்துவது சட்டப்படி குற்றம். காய்கறி லோரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் அதன் வேகத்திலேயே போவதைத் தவிர வேறு வழியில்லை. எதிரே வருவது தெரியாத வளைவில் ஒருமுறை ஹார்ன் அடிப்பது இந்தச் சாலையில் நல்ல பழக்கம். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. தாப்பாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலே லாத்தா இஸ்கண்டார் அருவி வரும். வண்டிகள் திடீரென நிற்கும், பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். வழிநெடுகப் பூர்வகுடி மக்களின் கம்போங்குகள், அதாவது சிற்றூர்கள், இருக்கின்றன. அவர்கள் சாலையோரத்தில் தேனும் பெத்தாய் என்ற காட்டு அவரையும் விற்பார்கள், குடும்பத்தோடு நடந்து போவார்கள். அங்கெல்லாம் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது சிம்பாங் பூலாய் வழி. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜா வரை ஏறி, பிறகு ஈப்போவுக்குத் தெற்கே உள்ள சிம்பாங் பூலாய்க்கு இறங்க வேண்டும். சாலை அகலம், வளைவுகளும் விரிந்தவை. வயிறு புரட்டுபவர்களுக்கு இதுவே உகந்தது. ஆனால் அந்த அகலமே ஆபத்தாகவும் ஆகிறது. நீண்ட இறக்கத்தில் வேகம் ஏறுவதே தெரியாது. 2010 டிசம்பரில் இந்த இறக்கத்தில் சுற்றுலாப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் பிரிஞ்சாங், கியா பார்ம் பகுதியில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுங்கை கோயான் வழியாக ரவுப், குவாலா லிப்பிஸ் பக்கம் இறங்கும் சாலை. வண்டிகள் குறைவு, ஆள் நடமாட்டமும் குறைவு, கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. பழக்கமில்லாதவர்கள் மழைநாளில் தனியாக அந்த வழியே போக வேண்டாம்.

இனி இறக்கத்தில் ஓட்டும் முறை. புதியவர்கள் இதில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கண்ணாடியை இறக்கினால் ரப்பர் கருகுவது போன்ற வாடை வரும். முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். அந்த வாடை வந்ததும் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்த நிலை வராமலிருக்க, இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுவதுதான் வழி. கையால் கியர் மாற்றும் வண்டியானால், இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். ஆட்டோ வண்டியில் டி-யில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் எல், 2, எஸ் என்று தங்கள் வண்டியில் இருப்பது எதுவென்று ஊருக்குள்ளேயே பழகிக்கொள்ள வேண்டும். ‘குனாக்கான் கியார் ரெண்டா’ என்ற பலகை இதைத்தான் சொல்கிறது. ‘ஜாலான் லிச்சின்’ என்றால் வழுக்கும் சாலை, ‘தானா ருந்தோ’ என்றால் மண்சரிவு, ‘ஜாலான் துத்துப்’ என்றால் சாலை மூடப்பட்டது. மலாய் தெரியாதவர்கள் முதலில் இந்த நான்கையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. ஆனால் மேற்புறம் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி மண்ணாகியிருக்கிறது. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட சரிவுகளில் வேர்ப்பிடிப்பு குறைவு. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளில் விழும் மழைநீர் மண்ணில் ஊறாமல் ஒரே இடத்தில் திரண்டு ஓடும். நாள்கணக்கில் மழை பெய்து மண் நீரைக் குடித்துக் கனத்த பிறகு, மழை விட்டு வெயில் அடிக்கும் காலையிலும் சரிவு இடிந்து விழலாம். ஆகவே மழை நின்றுவிட்டது என்பதற்காக ஆபத்தும் நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். தெளிந்து ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரெனச் செம்மண் நிறத்தில் சாலையைக் கடந்து பாய்ந்தாலோ, சிறு கற்கள் உதிர்ந்து கிடந்தாலோ, மரமோ மின்கம்பமோ புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, தாரில் பிறை வடிவில் விரிசல் தெரிந்தாலோ, அந்த இடத்தில் நிற்காமல், முன்னே சாலை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கடந்து போங்கள். தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். சரிவுகளின்மேல் நீலத் தார்ப்பாய் விரித்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஏற்கெனவே இடிந்து இன்னும் உறுதிப்படாத இடத்தை மழையிலிருந்து காக்கவே அப்படி மூடி வைக்கிறார்கள். அதன் அடியில் மழைக்கு ஒதுங்குவதோ படம் எடுப்பதோ கூடவே கூடாது. 2022 டிசம்பரில் கெந்திங் மலைச் சாலையை ஒட்டிய பத்தாங் காலி முகாமில் 31 பேர் உயிரிழந்தது, இரவில் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சாலையோரச் சரிவு இடிந்ததால்தான்.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை நிறைந்தால் நீரைத் திறந்துவிடுவார்கள். 2013 அக்டோபரில் அப்படித் திறந்தபோது பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பலிகொண்டது. எச்சரிக்கை ஒலி கேட்டால் ஆற்றோரச் சாலையில் வண்டியை எடுக்கவும் நிறுத்தவும் வேண்டாம். மேட்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மூடுபனி மாலையிலும் விடியற்காலையிலும் வரும். தூர வெளிச்சத்தைப் போட்டால் அது பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். கிட்ட வெளிச்சமே போதும். மழையில் பலர் நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் ஏர்கோனைப் போட்டு முன்கண்ணாடியை நோக்கித் திருப்பினால் தெளிந்துவிடும். டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம்; இந்தச் சாலைக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். சொந்த நாட்டு உரிமத்துடன் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். நீண்ட காலம் தங்குபவர்கள் தங்களுக்கு எந்த உரிமம் செல்லும் என்பதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்ட பிறகே ஓட்ட வேண்டும்.

புறப்படுமுன் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் வரும். ஆரஞ்சிலிருந்தே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதோடு, அன்று காலை ஏறி வந்த லோரி ஓட்டுநர் யாரையாவது கடைத்தெருவில் கேளுங்கள். சாலையின் இப்போதைய நிலை அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஏதாவது நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 999. இடத்தைச் சொல்லத் தெரியாமல் பலர் திணறுகிறார்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தச் சாலை என்பதையும் சொன்னால் போதும். விபத்தானால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். கடைசியாக, வண்டி வாங்கும்போதே கவனிக்க வேண்டியது காப்புறுதி. முழுக் காப்புறுதி என்று சொல்லி விற்கும் சாதாரணத் திட்டத்திலும் மண்சரிவு, வெள்ளச் சேதம் சேர்ந்திருக்காது. இயற்கைப் பேரிடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு, அதற்குரிய தொகையைக் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது அது விடுபடாமல் இருக்கிறதா என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள்.