நமக்கு நாமே திட்டத்துல பணம் கட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

எங்க கடைத்தெருவுல மழை பெஞ்சா முட்டி அளவு தண்ணி நிக்கும். மக்கள் ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசு போட்டு ஊர்ப் பொது வேலை செய்யற இந்தத் திட்டத்துல, கடைக்காரங்க சேர்ந்து ஆளுக்கு அஞ்சாயிரம் போட்டு வடிகால் கட்டலாம்னு கிளம்புனோம், ஒன்றரை லட்சம் சேர்ந்துடுச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது அந்த ரோடு பேரூராட்சியோடது இல்ல, நெடுஞ்சாலைத்துறையோடதுன்னு. ஒரு வருஷம் போச்சு, பாதிப் பேர் காச திருப்பிக் கேட்டாங்க.

அதனால முதல்ல இடம் யாரோடதுன்னு பாருங்க, காசு அப்புறம். டவுன் சர்வே நம்பர் (நகர நிலத்துக்கான அளவை எண்) தெரிஞ்சா நில ஆவணத்த ஆன்லைன்லயே எடுத்துடலாம். கோயில் நிலமா, புறம்போக்கா, தனியார் பட்டாவான்னு பாக்காம மனு எழுதாதீங்க.

ரெண்டாவது தப்பு, எஸ்டிமேட்டுக்கு (வேலைக்கு எவ்வளவு செலவாகும்னு இன்ஜினியர் போடற மதிப்பீடு) முன்னாடியே வசூல் பண்றது. 1997-ல வந்து 2021-ல திரும்ப கொண்டுவந்த திட்டம் இது, பொதுவா மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்காவது மக்கள் போடணும், மிச்சம் அரசு தரும். அப்போ வேலை 9 லட்சம்னா நம்ம பங்கு 3 லட்சம். நீங்களா 6 லட்சம் ஆகும்னு நெனச்சு 2 லட்சம் வசூல் பண்ணிட்டு, இன்ஜினியர் வந்து அளந்து 9-னு சொன்னா மறுபடி யார் வீட்டு வாசல்ல போய் நிப்பீங்க? எஸ்டிமேட் காப்பி கையில இருந்தா நம்பிக் குடுப்பாங்க. நம்ம பங்கையும் ஆபீஸ்ல யார் கையிலயும் ரொக்கமா குடுக்காதீங்க, உள்ளாட்சி பேர்ல டிடி எடுத்து ரசீது வாங்குங்க.

நிறைய பேர் எல்லாத்துக்கும் எம்.எல்.ஏ., எம்.பி.யோட தொகுதி மேம்பாட்டு நிதியத்தான் கேக்கறாங்க. எம்.எல்.ஏ.வுக்கு வருஷம் 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி, மொத்தத் தொகுதிக்கும் அதுதான். எம்.பி. நிதி நிலைச்சு நிக்கிற சொத்துக்கு, வழிபாட்டுத் தலத்துக்குள்ள எதுவும் கட்ட முடியாது, கோயில் வளாகத்துல நிழற்கூரை கேட்டு மனு குடுத்தா திரும்பித்தான் வரும்.

எனக்கு மனசு ரொம்ப கஷ்டப்படுற விஷயம் தரைக்கடைக்காரங்கள கேக்காம பிளான் போடறது. நடைபாதைக்கு டைல்ஸ் போட்டு அழகாக்கிட்டு, இருபது வருஷமா அங்க கீரை வித்த அம்மாவ எழுப்பி விட்டா அது மேம்பாடே இல்லங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவுல (தெருவோர வியாபாரம் பத்தி முடிவெடுக்கறதுக்கான உள்ளூர் குழு) 40 சதவீதமாவது வியாபாரிங்க இருக்கணும், அந்தக் குழுவுல முதல்ல பேசுங்க.

அப்புறம் பராமரிப்பு. கழிப்பறை கட்டி முடிச்சு போட்டோ எடுத்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுடறோம். மோட்டாருக்கு கரண்ட் பில் யார் கட்டறது, தினமும் கழுவறது யாரு, சாவி யார்கிட்ட இருக்கும், இது மூணையும் உள்ளாட்சி மன்றத் தீர்மானத்துலயே எழுத வைங்க. வேலை இழுத்தடிச்சா பத்து ரூபா கட்டணத்தோட ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு ஒப்பந்த நகலும், முடிஞ்ச வேலைய இன்ஜினியர் அளந்து எழுதற அளவுப் புத்தக நகலும் கேளுங்க.