சொந்த மெயில் சர்வரில் ஸ்பாம் தொல்லையா? முதலில் அன்பவுண்டைப் போடுங்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே வைத்துக்கொண்டு, முன்பதிவு மெயிலுக்கு வீட்டிலேயே ஒரு குட்டி சர்வர் ஓட்டுபவர்களுக்கான குறிப்பு இது. டெபியன் லினக்ஸ், மெயில் வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், நிலையான ஐபி, அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து சர்வர் பெயரைச் சொல்லும் பதிவு) எல்லாம் தயார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அன்பவுண்ட்

அன்பவுண்ட் என்பது உங்கள் சர்வரிலேயே ஓடும் டிஎன்எஸ் ரிசால்வர், அதாவது பெயருக்கு உரிய ஐபியைத் தேடித் தரும் மென்பொருள். எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான். மெயில் அனுப்பும் ஐபி மோசமானதா என்று டிஎன்எஸ் வழியாகக் கேட்டுப் பார்க்க உதவும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் ஜென் பட்டியல், 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்குப் பதில் தராது, 127.255.255.254 என்ற பிழை எண்ணைத்தான் அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏதோ ஒரு எண் வந்தாலே "பட்டியலில் இருக்கிறான்" என்று முடிவுகட்டி, அறை கேட்டு எழுதியவருக்கும் 554 (மறுப்பு) என்று திருப்பி அனுப்பிவிடும்.

அதனால் அன்பவுண்டை நிறுவி, ரிசால்வ் கோப்பில் (எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் /etc/resolv.conf) 127.0.0.1, அதாவது இதே சர்வர், மட்டும் இருக்கட்டும். அன்பவுண்டிலிருந்து கேள்விகளை வேறு டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டு வைக்காதீர்கள், வைத்தால் பழைய கதைதான். அடுத்து போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோடு போதாது. டெபியனில் அது சிறைக்குள் (chroot எனும் தனி அடைப்புக்குள்) ஓடக்கூடும், அப்படியானால் ரிசால்வ் கோப்பின் நகல் ஒன்றை அங்கே தனியாக வைத்திருக்கும். தொடங்கும்போதுதான் அந்த நகல் புதுப்பிக்கப்படும்.

சரிபார்க்க: டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் (dig) கட்டளையில் 2.0.0.127 என்று போட்டு, புள்ளி வைத்து, ஜென் முகவரியைச் (zen.spamhaus.org) சேர்த்துக் கேளுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வந்தால் சரி.

படி 2: வரிசை

போஸ்ட்ஃபிக்ஸின் பெறுநர் கட்டுப்பாடுகளில் (smtpd_recipient_restrictions) முதலில் சொந்த நெட்வொர்க், அடுத்து பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவர், பிறகு ரிலே மறுப்பு (நம்முடையது அல்லாத முகவரிக்கு வருவதைத் தள்ளுவது), கடைசியில்தான் ஜென். மொபைல் டேட்டா ஐபிகள் பெரும்பாலும் ஜென்னின் பிபிஎல் பகுதியில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு, மொபைல் ஐபிகளின் பட்டியல்) இருக்கும். வரிசை மாறினால், ஊட்டி மார்க்கெட்டில் நின்று உங்கள் போனிலிருந்தே அனுப்பும் மெயிலை உங்கள் சர்வரே தடுக்கும். ஜென் வரியில் 127.0.0.2 முதல் 11 வரை மட்டும் ஏற்கும்படி வரம்பும் கட்டுங்கள். பிழை எண் எப்போதாவது வந்தாலும் பாதகமில்லை.

படி 3: ஆர்ஸ்பாம்டி

மெயிலின் உள்ளடக்கத்தைப் பார்த்து ஸ்பாம் மதிப்பெண் போடும் வடிகட்டி இது. அதே வேலை செய்யும் ஸ்பாம்அசாசினை விட இதுதான் என் தேர்வு. அது தகவல்களைச் சேமிக்கும் ரெடிஸையும் சேர்த்து நிறுவி, மில்டராக (போஸ்ட்ஃபிக்ஸுடன் இணையும் வடிகட்டியாக) 11332 போர்ட்டில் இணையுங்கள். இயல்பு மதிப்பெண்கள்: 4-இல் கிரேலிஸ்ட் (சற்று நேரம் கழித்து வா என்று தற்காலிகமாகத் திருப்புவது), 6-இல் மெயில் ஹெடரில் ஸ்பாம் குறி, 15-இல் மறுப்பு. தொடக்கத்தில் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

மெயிலில் உள்ள சொற்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பகுதியான பேயஸுக்கு ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 கற்பித்தால்தான் வாயைத் திறக்கும். ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். "மலர்க்கண்காட்சி டைம்ல ரெண்டு ரூம் இருக்கா?" என்று ஆங்கில எழுத்தில் வரும் தமிழ் மெயில்களையும் நல்லதில் சேருங்கள்.

பிற்சேர்க்கை: ஓடிபி தாமதமாக வருகிறதா? கிரேலிஸ்ட் மட்டுமே செய்யும் போஸ்ட்கிரே இருந்தால் எடுத்துவிடுங்கள். அது புதிதாக வரும் எல்லோரையும் 5 நிமிடம் வாசலில் நிறுத்தும். ஆர்ஸ்பாம்டி சந்தேகப்பட்டவரை மட்டும் நிறுத்தும்.

இன்னொன்று: மழையில் மரம் விழுந்து கரண்ட் போகுமே என்று இரண்டாவது எம்எக்ஸ் (முதல் சர்வர் இல்லாதபோது மெயில் வாங்கும் மாற்று சர்வர்) வைக்காதீர்கள். வடிகட்டி குறைவான அந்தப் பின்வாசலைத்தான் ஸ்பாம் அனுப்புபவர்கள் தேடுவார்கள். ஒழுங்கான சர்வர்கள் 4, 5 நாள் வரை மறுபடி மறுபடி முயலும். அந்தக் காசுக்கு ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கிவிடலாம்.