சொந்த மாஸ்டடான் சர்வர்: மீடியா அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தள மென்பொருள்; யாரும் தங்கள் சொந்தச் சர்வரில் ஓட்டலாம், அந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும். புதிதாகச் சர்வர் போடுபவர்களுக்குக் கைகொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன வாரம் ஒரு தம்பி தன்னுடைய அமைப்புக் கோப்பை அனுப்பி, "ஒருதடவை பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றார். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். எஸ்3 (கோப்புகளை வேறொரு நிறுவனத்தின் கிடங்கில் சேமிக்கும் முறை) பகுதிக்கு வந்ததும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நான் செய்து, பட்டு, இன்றுவரை முழுதாகச் சரிசெய்ய முடியாத அதே பிழை அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது.

ரகசியச் சாவியைத் தப்பாக ஒட்டுவது, ஃபோல்டருக்கு எழுதும் உரிமை கொடுக்க மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை உடனே கத்தும். லாக்கைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து பிறகு கழுத்தை அறுப்பவைதான் எனக்கு முக்கியம்.

## வரம்பை ஓர் இடத்தில் மட்டும் கூட்டுவது

படம் ஏற மறுத்து 413 (கோரிக்கை மிகப் பெரிது) என்று பிழை வந்தால் எல்லோரும் முதலில் மென்பொருளைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கோப்பு மென்பொருள் வரைக்கும் போயே இருக்காது. வாசலில் நிற்கும் வெப்சர்வரான என்ஜின்எக்ஸ் டீஃபால்ட்டாக உள்ளே விடுவது 1 எம்பி மட்டும். மாஸ்டடானோடு வரும் மாதிரிக் கோப்பில் இது ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கும். முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் இன்னொரு ப்ராக்ஸி வைத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் மாதிரிப் படம் பகிரும் பிக்சல்ஃபெட் என்றால், அதை ஓட்டும் பிஎச்பி வேறு நடுவில் நிற்கிறது. அதன் டீஃபால்ட், ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி.

பிக்சல்ஃபெட்டில் படத்தின் உச்ச அளவைக் கிலோபைட்டில் எழுத வேண்டும். 15 எம்பி என்று நினைத்துக்கொண்டு வெறும் 15 என்று போட்டுவிட்டு, ஒரு படமும் ஏறவில்லை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும். மாற்றியபின் கான்ஃபிக் கேஷைப் (அமைப்பின் சேமித்துவைத்த நகலைப்) புதுப்பிக்கவும் வேண்டும்; இல்லாவிட்டால் பழைய எண்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

## பக்கெட்டின் முகவரியை ஊருக்கெல்லாம் கொடுப்பது

இதுதான் அந்தப் பிழை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சர்வரின் வட்டு நிறைகிறது. எஸ்3 பாணியில் சேமிப்பு தரும் ஒரு நிறுவனத்திடம் பக்கெட், அதாவது கோப்புகளைப் போட்டுவைக்கும் ஓர் இடம், எடுக்கிறீர்கள். பக்கெட் பெயர், எண்ட்பாயிண்ட் (சேவையின் முகவரி), சாவி எல்லாவற்றையும் நிரப்பிச் சர்வரை மறுபடி இயக்குகிறீர்கள். படம் ஏறுகிறது, தெரிகிறது. வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "எஸ்3_ஏலியாஸ்_ஹோஸ்ட்" என்ற வரி மட்டும் காலியாகக் கிடந்தது. கட்டாயம் இல்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வரி காலியாக இருந்தால் ஒவ்வொரு படத்தின் முகவரியும் சேமிப்பு நிறுவனத்தின் டொமைனில்தான் உருவாகும். நீங்கள் எழுதும் பதிவு மற்ற சர்வர்களுக்குப் போகும்போது, அந்த முகவரியும் கூடவே போய் அவர்களுடைய தரவுத்தளத்தில் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டு விலாசத்துக்குப் பதில் வாடகைக் கிடங்கின் விலாசத்தை ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த மாதிரி.

ஒன்றரை வருடம் கழித்துக் கட்டணம் கட்டுப்படியாகாமல் நிறுவனத்தை மாற்றினேன். ஆர்குளோன் என்ற கருவியை வைத்து எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று இரண்டாவது முறையும் ஓட்டிப் பார்த்து, அமைப்பை மாற்றினேன். என் சர்வரில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரிந்தது. ஏனென்றால் மாஸ்டடான் தன் சொந்தப் படங்களுக்குக் கோப்புப் பெயரைத்தான் தரவுத்தளத்தில் வைக்கிறது. டொமைனை அன்றன்றைய அமைப்பிலிருந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு வாரம் காத்திருந்துவிட்டுப் பழைய பக்கெட்டை அழித்தேன். பெருமையாக வேறு இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். வேறு சர்வரில் இருக்கும் ஒரு நண்பர் திரைப்பிடிப்பு அனுப்பினார். என் பழைய பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் மங்கலான நிறத்திட்டு மட்டும். படம் வந்து சேரும் வரை கண்ணுக்குக் காட்ட மாஸ்டடான் வைத்திருக்கும் பிளர்ஹேஷ் அது. படம் வரவே இல்லை.

நடந்தது இதுதான். மற்ற சர்வர்கள் உங்கள் படத்தை எப்போதைக்குமாக வைத்துக்கொள்வதில்லை. இடம் அடைக்கிறது என்று சில நாட்களில் கேஷைத் (தற்காலிக நகல்களைத்) துடைக்கிறார்கள். மாஸ்டடானின் நிர்வாகக் கருவியான டூட்சிடிஎல்லில் "டூட்சிடிஎல் மீடியா ரிமூவ்" கட்டளையின் டீஃபால்ட்டே 7 நாள். பிறகு யாராவது அந்தப் பழைய பதிவைத் திறந்தால், குறித்துவைத்த முகவரிக்கு மறுபடி ஆள் அனுப்புவார்கள். அங்கே பக்கெட்டே இல்லை. கேஷ் உயிரோடு இருந்த இடங்களில் படம் தெரிந்ததால்தான் முதல் சில வாரங்களுக்கு யாரும் கவனிக்கவில்லை.

திருப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். டொமைன் என்னுடையது இல்லையே, யாரிடம் போய் ரீடைரக்ட் போடச் சொல்வது? படமுள்ள பதிவில் ஒரு எழுத்தையாவது மாற்றித் திருத்தினால் புது முகவரியோடு மறுபடி கிளம்பும். அப்படிச் சிலவற்றைத் திருத்தினேன். பகிர்ந்தவர்களுக்கெல்லாம் "பதிவு திருத்தப்பட்டது" என்று அறிவிப்பு போய், என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பதாவது பதிவோடு நிறுத்திவிட்டேன். என்னுடையதை நான் திருத்திக்கொள்ளலாம்; என் சர்வரில் கணக்கு வைத்திருந்த மற்றவர்களின் பழைய படங்களை யார் திருத்துவது?

இன்னொரு வயிற்றுக்கலக்கலும் உண்டு. பல சேவைகளில் பக்கெட் பெயர் எல்லா வாடிக்கையாளருக்கும் பொது. நீங்கள் அழித்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, உங்கள் பழைய படம் இருந்த அதே பாதையில் வேறு எதையாவது வைக்கலாம். உங்கள் பதிவில் அது உங்கள் படமாகத் தெரியும். நண்பரின் திரைப்பிடிப்பு வந்த மறுநாள் யாரோ சொல்லித்தான் எனக்கு இது உறைத்தது. ஓடிப்போய் அதே பெயரில் காலிப் பக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டேன். இன்றும் அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியது முதல் நாளில் கால் மணி நேர வேலை. உங்கள் டொமைனுக்குக் கீழே படங்களுக்கென்று ஒரு துணை டொமைன் உருவாக்குங்கள். அதை ஏலியாஸ் ஹோஸ்ட் வரியில் போடுங்கள், முன்னால் "எச்டிடிபிஎஸ்" சேர்க்காமல் டொமைனை மட்டும். சேமிப்பு நிறுவனம் உங்கள் டொமைனையும் சான்றிதழையும் ஏற்றால் நேராக அங்கே திருப்பலாம். ஏற்காவிட்டால் என்ஜின்எக்ஸை நடுவில் வைத்து, அதில் கேஷும் போட்டுவிடுங்கள். ஒரே படம் நூறு பேருக்குப் போனாலும் பக்கெட்டை ஒருமுறை தொட்டால் போதும். ஊர்பேர் தெரியாதவர் ஏற்றும் கோப்பு உங்கள் முதன்மை டொமைனில் ஓடாமல் தள்ளியிருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

பிறகு சரிபாருங்கள். கண்ணால் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். படமுள்ள ஒரு பொதுப் பதிவை ஆக்டிவிட்டிபப் ஜேசன் வடிவில் (சர்வர்கள் தங்களுக்குள் பதிவைப் பரிமாறும் வடிவம்) எடுத்து, அட்டாச்மென்ட் பகுதியில் யூஆர்எல் என்ற இடத்தைப் படியுங்கள். அங்கே இருப்பது உங்கள் டொமைனா, வேறொருவருடையதா? மற்ற சர்வர்கள் காலத்துக்கும் வைத்திருக்கப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

உள்வட்டிலேயே படங்களை வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் பிழைத்தார்கள். அவர்களுடைய முகவரி சொந்த டொமைனில் "சிஸ்டம்" என்ற பாதையில் இருக்கும். பக்கெட்டுக்கு மாறும்போது அந்தப் பாதையைப் புது இடத்துக்கு ரீடைரக்ட் செய்துவிட்டால் போதும். அதைச் செய்ய மறந்தால், என் கதைதான் அவர்களுக்கும்.

## பக்கெட்டில் பட்டியலைத் திறந்து வைப்பது

துணை டொமைனின் முதல் பக்கத்தை உலாவியில் திறங்கள். கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்தால் அதை மூடிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று போட்ட படத்துக்கு, யாராலும் ஊகிக்க முடியாத அந்த முகவரிதான் ஒரே பூட்டு.

## வட்டை அடைப்பது யார் என்று பார்க்காமல் துடைப்பது

மூன்று பேர் மட்டும் இருக்கும் சர்வரில் எப்படி 60 ஜிபி என்று கேட்கிறார்கள். உங்கள் படங்கள் அதில் ஒரு ஓரம். மீதி எல்லாம் நீங்கள் பின்தொடரும் ஆட்களின் படங்களும், அவர்களின் முகப்புப் படங்களும், இணைப்பு முன்னோட்டங்களும். பல சர்வர்களின் பதிவுகளை மொத்தமாக அனுப்பும் ரிலேயில் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். "டூட்சிடிஎல் மீடியா யூசேஜ்" ஓட்டினால் எது எவ்வளவு என்று வகை பிரித்துச் சொல்லும். சாதாரண ரிமூவ் கட்டளை முகப்புப் படங்களைத் தொடாது; அதற்கு "ப்ரூன் ப்ரொஃபைல்ஸ்" தனியாகக் கொடுக்க வேண்டும்.

நிர்வாகப் பக்கத்தில் மீடியா கேஷ் எத்தனை நாள் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எண் போடலாம், தப்பில்லை. அதன் பக்கத்திலேயே உள்ளடக்கக் கேஷ் என்று இன்னொரு பெட்டி. அது படத்தை அல்ல, பிற சர்வர்களின் பதிவுகளையே அழிக்கும். உங்கள் ஆட்கள் புக்மார்க் செய்தவையும், வெளிச் சர்வர்காரர்களோடு தனியாகப் பேசியவையும் சேர்ந்தே போகும். திரும்பி வராது. பெட்டிக்குக் கீழே எச்சரிக்கை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டிலும் 7 போட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

## தரவுத்தளமும் படங்களும் ஒரே வட்டில்

படம் வட்டை நிரப்பினால் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் நின்றுபோகும். பிரித்து வையுங்கள்.

## பேக்கப்

தரவுத்தள டம்ப்பில் படங்கள் வராது, தனியாக எடுக்க வேண்டும். "கேஷ்" ஃபோல்டரை விட்டுவிடலாம். மற்றவர்களின் முகப்புப் படங்களை "டூட்சிடிஎல் அக்கவுண்ட்ஸ் ரிஃப்ரெஷ்" வழியாக மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.