இதயத்தசை நோயுள்ள பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்க முதல்

பிள்ளைக்கு இதயத்தசை தடிக்கும் பரம்பரை நோய் என்றால், ரொன்சிலோ ஹேர்னியாவோ, எவ்வளவு சின்ன ஒப்பரேஷனாக இருந்தாலும் திகதி எடுக்க முதலே மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்கக் கேளுங்கள். அன்றைக்குக் காலையில் தியேட்டர் வாசலில் சொல்வது காணாது. கிளினிக் கொப்பி, கடைசி எக்கோ, ஈசிஜி, குடிக்கிற மருந்துகள் எல்லாம் கையோடு போகவேண்டும். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் காட்டுகிற பிள்ளை என்றால் அந்த அறிக்கைகளும் ஒப்பரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரிக்கு வரட்டும். ஓடி விளையாடும்போது மயங்கி விழுந்ததா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா, இதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிற விஷயம் இல்லை இது.

அடுத்தது தண்ணீர். இதுதான் எனக்குப் பெரிய கவலை. தசை தடித்து உள்ளறை ஏற்கெனவே சிறுத்திருக்கும், உடம்பில் நீரும் குறைந்தால் அறை நிரம்பாது, இரத்தம் வெளியேறும் வழி இன்னும் ஒடுங்கும், அந்த நேரம் மயக்க மருந்து குருதி அமுக்கத்தையும் இறக்கினால் ஆபத்து. சித்திரை வெயிலில் இரவிலிருந்து பிள்ளையைக் காயப்போடாதீர்கள். மயக்க மருந்துக்கு முதல் நிறுத்துகிற வழமையான கணக்கு: சாப்பாடு 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. உங்கள் வைத்தியர் வேறு நேரம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். லிஸ்ற்றில் முதலாவதாகப் போடக் கேளுங்கள், பிந்தினால் சேலைன் ஏற்றலாமா என்றும் கேளுங்கள்.

இதயத்துடிப்பைக் குறைக்கிற புரொப்ரனலோல் மருந்து குடிக்கிற பிள்ளை என்றால், வெறும் வயிறு என்று நீங்களாக நிறுத்தவேண்டாம். பெரும்பாலும் அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். அழுது குழறினாலும் இதயம் வேகமாக அடிக்கும், நிரம்ப நேரம் கிடைக்காது. அதனால் மயங்கும்வரை அம்மா பக்கத்தில் நிற்கலாமா, முதலே தூங்க மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

எல்லா இதயத்தசை நோயும் ஒன்றில்லை. இதயம் வீங்கிப் பலவீனமான வகைக்குச் சேலைன் கூடினாலே கெடுதல். டுஷென் போலத் தசைநோயும் இருந்தால் சுக்சமெத்தோனியம் என்கிற தசை தளர்த்தும் ஊசியும் முகமூடியால் கொடுக்கிற மயக்க வாயுக்களும் தவிர்க்கப்படும். ஆகவே நோயின் முழுப்பெயரையும் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதுவியுங்கள்.

முடிந்த பிறகு எங்கே வைத்துப் பார்ப்பார்கள், ஐசியு கட்டில் தேவைப்படுமா என்பதையும் முதலே கேட்டு வையுங்கள். நோவும் சத்தியும் அடங்கி, பிள்ளை நன்றாகத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் வீட்டுக்கு அவசரப்படவேண்டாம். பல்லுப் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள், விறைக்கப் போடுகிற ஊசியில் பெரும்பாலும் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கிற அட்ரினலின் கலந்திருக்கும்.