கே (தன்பாலீர்ப்புள்ள) ஆணுக்குச் சரியான கவுன்சலரைத் தேடுவது எப்படி?

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இந்த நிமிடமே இருந்தால் மேலே படிக்க வேண்டாம். 14416க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கே என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

மற்றவர்களுக்கு, ஒவ்வொன்றாக.

1. யாரிடம் போவது?
சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேசிக் குணப்படுத்துபவர், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் வைத்திருப்பார். 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், அதனால் படிப்பைக் கேட்டுவிடுங்கள்.

2. பெயர்களைத் திரட்டுங்கள்
சென்னையின் 'ஓரினம்' குழு, நம்மைப் புரிந்துகொள்ளும் மனநல நிபுணர்களின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. கையில் காசில்லையா? மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. ஓ.பி. கூட்டத்தில் மனம்விட்டுப் பேச நேரம் கிடைப்பது அபூர்வம்; மாத்திரை கிடைக்கும்.

3. போவதற்கு முன் சோதியுங்கள்
இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பெயர் போடாமல் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்:

"வணக்கம் டாக்டர். நான் கே. பதற்றம், தூக்கமின்மைக்காக வர நினைக்கிறேன். கே ஆண்களுக்கு சிகிச்சை தந்திருக்கிறீர்களா? இதை மாற்ற வேண்டிய விஷயமாகப் பார்க்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன், மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் போகலாம். "எனக்கு அனுபவம் குறைவு" என்பவரிடமும் போகலாம். எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவரைவிட அவர் மேல். "கல்யாணம் பண்ணா சரியாயிடும் தம்பி", "ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பாப்போம்", "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றால் நம்பரை பிளாக் செய்யுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தன்பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். (அதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் ஊர் டாக்டர்கள் சிலருக்கு அந்தப் பொறுமை இல்லை.) தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாற்றும் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. ஆகவே எம்.பி.பி.எஸ். படித்தவர் யாராவது முயன்றால், மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தி மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

4. வீட்டுக்குத் தெரியாமல்
ஆன்லைன் செஷனுக்கு மொட்டைமாடியும் ஹெட்போனும் போதும். ஜிபே குறிப்பில் எதுவும் எழுதாதீர்கள். அப்பாவோடு சேர்ந்த கணக்கு என்றால் ரொக்கமாகக் கொடுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநல நிபுணரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. எதை, யாரிடம் சொல்வார் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கட்டணம்
வெட்கப்படாமல் கேளுங்கள். மாணவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் குறைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.