ரோஸ் நிறம் குறைந்தால் மருந்தாகிவிடாது

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தம்பி, செல்களில் சாற்றைச் சோதிக்கும் 96 குழித் தட்டை ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் கொஞ்சம் தடுமாறும். முட்டிவலிக்கு அவன் ஆயா காய்ச்சிக் குடித்த பட்டையைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறான். "அக்கா, பாருங்க, ரோஸ் கலரே இல்ல!" நானும் ஒரு காலத்தில் இப்படி ஓடியவள்தான். லேபிள் ஒட்டு, கையுறை போடு என்பதையெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிட்டு, மூலிகைச் சாறு அழற்சியை அடக்குமா என்று சோதிக்கும்போது நாம் ஏமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பேரை நம்பி வாங்குவது

டர்பனின் வார்விக் சந்திப்பு மூலிகைச் சந்தையில் பெரும்பாலும் பட்டையாகவும் கிழங்காகவும்தான் கிடைக்கும். சீவிய துண்டைப் பார்த்து இனம் சொல்ல வராது. கலஹாரியிலிருந்து வரும் டெவில்ஸ் க்ளா என்ற மூலிகைக் கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: புரோகம்பென்ஸ், ஜெய்ஹெரி என்று இரண்டு இனம், ஒரே பெயரில் விற்கிறது, அதிலுள்ள ஹார்பகோசைட் என்ற மருந்துப் பொருளின் அளவோ ஒன்றல்ல. செடியைப் பூவோடு உலர்த்தி ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் கொடுத்து எண் வாங்குங்கள்.

அனுமதி

தென்னாப்பிரிக்காவின் 2004 பல்லுயிர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு மண்வெட்டியைத் தொடவும்.

செத்த செல்லைக் குணமான செல் என்பது

எலியின் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் எல்பிஎஸ் என்ற பாக்டீரியாச் சுவர்ப் பொருளைப் போட்டால் அவை கோபித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடை விடும். 24 மணி நேரம் கழித்து மேல் திரவத்தில் நைட்ரைட்டாகச் சேர்ந்திருப்பதை கிரீஸ் (Griess) கரைசல் ரோஸ் நிறமாகக் காட்டும். சாறு போட்ட குழியில் நிறம் குறைந்தால் உடனே அழற்சி அடங்கியது என்று எழுதிவிடுகிறோம். செத்த செல்லும்தான் நைட்ரிக் ஆக்சைடு விடாது. பிணத்துக்குக் காய்ச்சல் இல்லை என்று சந்தோஷப்பட்ட கதை.

"அதுக்குத்தான் எம்டிடி பண்ணேன் அக்கா, 110 சதவீதம் உயிரோட இருக்கு."

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எம்டிடி என்ற மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும், எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர் என்று கணக்கு, சரி. ஆனால் பாலிஃபீனால் நிறைந்த பட்டைச் சாறு, செல்லே இல்லாமல் தானாகவே அதை ஊதாவாக்கிவிடும். அது தெரியாமல் ஒரு சாற்றை நம்பி எட்டு மாதம் ஹெக்சேன், எத்தில் அசிடேட் என்று கரைப்பான் மாற்றிப் பிரித்துப் பிரித்து ஓட்டினேன். லோட் ஷெட்டிங் படுத்திய 2015-ல் ஒருநாள் நிறத்தை அளக்கும் பிளேட் ரீடர் அணைந்து கிடந்தது, யுபிஎஸ்ஸில் மைக்ராஸ்கோப் மட்டும் ஓடியது, சும்மா இருப்பானேன் என்று தட்டைப் பார்த்தேன். எல்பிஎஸ் மட்டும் போட்ட குழியில் செல்கள் கால் விரித்து ஒட்டிக்கொண்டிருந்தன. என் சாறு விழுந்த குழிகளில் எல்லாம் சுருங்கி, உருண்டு, மிதந்தன. அன்று மாலையே செல் இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் ஊற்றினேன். நல்ல கத்தரிப்பூ நிறம்.

அதனால் முதலில் கண்ணால் பாருங்கள். அப்புறம் சாற்றைக் கழுவி எடுத்துவிட்டு எம்டிடி போடுங்கள், செல் இல்லாத குழியும் கூடவே ஓடட்டும், செத்த செல்லை நீலமாக்கும் டிரிப்பான் ப்ளூவில் எண்ணியும் பாருங்கள். அளவு தெரிந்த நைட்ரைட்டில் சாற்றைக் கலந்து கிரீஸ் செய்து பார்ப்பதும் அவசியம், சில சாறுகள் அந்த நிறத்தையே கெடுத்துவிடும்.

டிஎம்எஸ்ஓ

சாற்றைக் கரைக்கும் இந்தக் கரைப்பான் மட்டும் போட்ட குழி இல்லாத தட்டை என்னிடம் காட்டாதீர்கள்.

தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்பது

மஞ்சளின் குர்க்குமின் தட்டில் பிரமாதமாக வேலை செய்யும், வாய்வழியே சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது சொற்பம்.

தம்பியிடம் செல் இருந்த தட்டை எடுத்து வரச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவன் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"பாதி செல்லைக் காணோம் அக்கா. மிச்சம் உருண்டு கிடக்குது. ஆயா இத்தனை வருஷம் குடிச்சாங்களே?"

"ஆயா எதுல காய்ச்சுவாங்க?"

"தண்ணியில."

"நீ?"

"மெத்தனால்," என்றான். கெட்டிலை நானே எடுத்துக் கொடுத்தேன்.